வடகனடா முகாமுக்கு வேலைக்குப் போகிறீர்களா? ஜாக்கெட்டுக்கு முன் இதைப் படியுங்கள்

கனடாவின் யெல்லோநைஃப் நகருக்கு அப்பால், சிறு விமானம் மட்டுமே போய்ச் சேரும் சுரங்க ஆய்வு முகாம்களுக்குப் புறப்படுகிறவர்கள் எங்கள் கோலாலம்பூர் கிளினிக்குக்கு மருத்துவப் பரிசோதனைக்கு வரும்போது கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு தடிப்பான ஜாக்கெட் வாங்கணும், டாக்டர்?" என்பதுதான். ஜனவரியில் அங்கே மைனஸ் 30 டிகிரி சாதாரணம் என்பதால் கேள்வி நியாயமானதே. ஆனால் ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் வெளிக்குளிர் அல்ல, ஜாக்கெட்டுக்குள் ஊறும் வியர்வை.

நமக்கு வியர்ப்பது இயல்பு. சட்டை நனைந்தாலும் ஏர்கோன் அறைக்குள் போனால் காய்ந்துவிடும். அங்கே பனியை வாரி முதுகு நனைந்தபின் பத்து நிமிடம் சும்மா நின்றால், அந்த ஈரமே உடல் சூட்டை உறிஞ்சத் தொடங்கும். அதனால் வேலை தொடங்கும்போது உடம்பு கொஞ்சம் குளிர்ந்தே இருக்கட்டும். வியர்க்குமுன் ஜிப்பைத் திறந்துவிடுங்கள், நின்றவுடன் மூடுங்கள். உள்ளே பருத்தி வேண்டாம்: பனியன், ஜீன்ஸ், பருத்திக் காலுறை எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். தோலை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர், அதன்மேல் ஃபிளீஸ் எனும் மெத்தென்ற செயற்கை இழை ஆடை, அதற்கும் மேல் காற்றுப் புகாத மேலாடை. பூட்ஸ் கால்விரல்கள் அசையும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். இறுக்கமான பூட்ஸில் இரண்டு காலுறை திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து, விரல்கள் இன்னும் சீக்கிரம் மரத்துவிடும். பூட்ஸின் உள்ளுறையை ஒவ்வோர் இரவும் உருவி, கூடாரத்தின் மேல்பகுதியில் தொங்கவிடுங்கள்.

மூக்குத்தி, தோடு, மோதிரம், காப்பு, மெட்டி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். உலோகம் தோலின் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும். மூக்குத் துளை தூர்ந்துவிடும் என்று பயந்தால் பிளாஸ்டிக் குச்சி போட்டுக்கொள்ளலாம்.

காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 28 முதல் மைனஸ் 39 வரை இருந்தால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையக்கூடும். மைனஸ் 40ஐத் தாண்டினால் 5 முதல் 10 நிமிடமே போதும். வழிகாட்டிகளில் "தோல் சிவக்கும்" என்றுதான் எழுதியிருக்கும். நம்முடைய கருத்த தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. சாம்பல் பூத்ததுபோல் வெளிறுவது, மெழுகுபோல் விறைப்பது, எரிச்சல் திடீரென நின்று உணர்வற்றுப் போவது ஆகியவற்றைத்தான் பார்க்க வேண்டும். தன் மூக்கு நுனியைத் தானே பார்க்க முடியாது. அதனால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை கூட்டாளியின் முகத்தைப் பாருங்கள், அவரை உங்கள் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

லேசாக மரத்த விரலை அக்குளில் வைத்துச் சூடேற்றலாம். தேய்க்கக் கூடாது, பனியால் உரசக் கூடாது, அடுப்பில் காட்டவே கூடாது. உணர்வில்லாத விரல் வெந்தாலும் தெரியாது. ஆழமாக உறைந்திருந்தால் 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் அரைமணி நேரம் வரை, வெப்பமானியால் அளந்தபடி வைக்க வேண்டும். வலி கடுமையாக இருக்கும். மருத்துவமனைக்குப் போகும் வழியில் மறுபடி உறைய வாய்ப்பிருந்தால் இளக்கவே வேண்டாம். இளகி மறுபடி உறைந்த விரலுக்குச் சேதம் இன்னும் அதிகம்.

பெட்ரோல் ஊற்றும்போதும் கவனம். மைனஸ் 30லும் அது உறையாமல் திரவமாகவே இருக்கும், கையில் சிந்தினால் அதே குளிரோடு ஆவியாகி நொடிகளில் தோலை உறைய வைத்துவிடும். எரிபொருளுக்கென்று தனிக் கையுறை வைத்துக்கொள்ளுங்கள். கூடாரத்தில் டீசல் அடுப்பு எரியும்போது காற்றுத் துவாரத்தைப் பனி அடைத்தால் கார்பன் மோனாக்சைடு தங்கும், அதற்கு வாசனையே கிடையாது. ஒரே கூடாரத்தில் இருவருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் சளிக்காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடாமல் எல்லாரும் உடனே வெளியே வாருங்கள்.

கருவாட்டுச் சம்பல், ஊறுகாய், முறுக்கு எல்லாம் சமையல் கூடாரத்திலேயே இருக்கட்டும். படுக்குமிடத்தில் உணவு வாடை இருந்தால் கரடியும் நரியும் தேடி வரும். பசியாறுவதை ஒருநாளும் தவிர்க்காதீர்கள். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள், அந்த வறண்ட காற்றில் ஒவ்வொரு மூச்சோடும் உடம்பு நீரை இழக்கிறது.

நம்மவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது இனிப்பு நீரை, அதாவது சர்க்கரை நோயைப் பற்றி. வேலை போய்விடுமோ என்று அதைப் படிவத்தில் மறைக்கிறவர்கள் உண்டு. தயவுசெய்து மறைக்காதீர்கள். நீண்டகால இனிப்பு நீர் பாதத்தின் உணர்வைக் குறைக்கும், கால் மரத்துப் போவதே தெரியாமல் போகும். புறப்படுமுன் பாத உணர்வுப் பரிசோதனை அவசியம். ஒருமுறை உறைந்த இன்சுலின், இளகிப் பார்க்க நன்றாக இருந்தாலும், வீண். விமானத்தில் கைப்பையிலும், முகாமில் உடலை ஒட்டிய உள் பையிலும் வையுங்கள், அடுப்பருகே வேண்டாம். சர்க்கரை அளக்கும் மீட்டரும் குளிரில் பிழை காட்டும், அதற்கும் உடல் சூடு வேண்டும். பனிப்புயலில் விமானம் நாள்கணக்கில் வராமல் போகலாம். தேவையைப்போல் இரு மடங்கு மருந்தை இரண்டாகப் பிரித்து, வேறுவேறு இடத்தில் வையுங்கள்.

நடுக்கம், குழறும் பேச்சு, தள்ளாட்டம்: உடல் சூடு குறைந்தாலும் இவை வரும், ரத்தத்தில் சர்க்கரை இறங்கினாலும் இவையே வரும். உங்களுக்கு இனிப்பு நீர் இருப்பது தெரியாத கூட்டாளி போர்வையை மட்டும் போர்த்திவிட்டுக் காத்திருப்பார். முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் முதலில் இனிப்பான பானம், கூடவே போர்வை. விழுங்க முடியாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து முகாம் மருத்துவ உதவியாளரை வானொலியில் அழைக்க வேண்டும். மீட்டர் எந்தப் பையில் இருக்கிறது என்பதும் கூட்டாளிக்குத் தெரிந்திருக்கட்டும்.