ரிட்டையர் ஆகும் நேரத்தில் 'அதிகச் சம்பளம்' பிடித்தம்: எப்போது செல்லாது?

பென்ஷன் கருத்துரு அனுப்பும்போதுதான் பல அரசு அலுவலகங்களில் எஸ்.ஆர். புத்தகத்தை (பணிப்பதிவேட்டை) முதல் பக்கத்திலிருந்து புரட்டுகிறார்கள். அப்போது ஒரு தணிக்கைத் தடை கிளம்பும். என்றோ தேர்வுநிலை (செலக்‌ஷன் கிரேடு) ஊதியம் நிர்ணயித்ததில் ஓர் இன்கிரிமென்ட் கூடுதலாகப் போயிருக்கும். அத்தனை வருடத் தொகையையும் பணிக்கொடையில் (கிராஜுவிட்டி) பிடிக்கச் சொல்வார்கள். கணக்குப் போட்டது அலுவலகம், கட்ட வேண்டியது மட்டும் ஊழியர்!

இதற்கு உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில், பஞ்சாப் அரசு எதிர் ரஃபீக் மாஸி வழக்கில் வரம்பு கட்டியது. ஊழியர் பொய் சொல்லியோ மறைத்தோ வாங்காத பணம் என்றால், சி, டி பிரிவு (கீழ்நிலைப் பணி) ஊழியர்களிடம் பிடிக்கக் கூடாது. ஓய்வு பெற்றவரிடமும், பிடித்தம் செய்யச் சொன்ன உத்தரவு தேதியிலிருந்து ஓராண்டுக்குள் ஓய்வு பெறப்போகிறவரிடமும் கூடாது. இவர்கள் எந்தப் பிரிவானாலும் சரி. ஐந்தாண்டுக்கு மேல் கூடுதலாகக் கொடுத்துவந்திருந்தாலும், விதிக்கு மாறாக மேல்பதவி வேலையைச் செய்யவைத்து அதற்குரிய சம்பளம் கொடுத்திருந்தாலும் கூடாது. மற்றபடி, பிடித்தம் மிகக் கடுமையானது, நியாயமற்றது என்று நீதிமன்றம் கருதினாலும் தடுக்கலாம். மத்திய அரசு 2016 மார்ச் 2-ஆம் தேதி அலுவலக ஆணையில் இதை ஏற்றது. ஆனால் பிடித்தத்தைத் தள்ளுபடி செய்ய, நிதி அமைச்சகத்தின் செலவினத் துறை ஒப்புதல் வேண்டும் என்றது. அதனால் கீழ்மட்ட அலுவலகம் தானாக விட்டுக்கொடுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

பலரும் கோட்டைவிடுவது உறுதிமொழிக் கடிதத்தில்தான். ஊதியக்குழு அமலாகும்போது விருப்பப் படிவத்தோடு 'கூடுதலாகப் பெற்றிருந்தால் திருப்பிச் செலுத்துகிறேன்' என்று கையெழுத்து வாங்குவார்கள், நாமும் படிக்காமலே போட்டிருப்போம். 2016-ல் ஜக்தேவ் சிங் வழக்கில், அப்படி எழுதிக்கொடுத்த ஒரு நீதித்துறை அலுவலரிடம் ஓய்வுக்குப் பிறகும் பிடிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். சலுகையாகக் கிடைத்தது இரண்டு வருட மாதத் தவணை மட்டுமே. அப்படிக் கடிதம் கொடுத்திருக்கிறீர்களா என்று எஸ்.ஆரில் முதலில் பாருங்கள்.

மறுபுறம், கேரளத்தின் தாமஸ் டேனியல், 1999-ல் ஓய்வு பெற்ற ஆசிரியர். இன்கிரிமென்ட் கணக்கிட்டதில் தவறு துறையுடையது, அவர் எதையும் மறைக்கவில்லை என்று 2022 மே மாதம் பிடித்தத்தை ரத்து செய்தது அதே நீதிமன்றம்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்பதற்குத்தான் இந்தத் தடை. தவறான சம்பளத்தைத் திருத்தி, சரியான தொகையின் பேரில் பென்ஷன் நிர்ணயிப்பதை இது தடுக்காது. அதற்கும் முன்னறிவிப்பு கொடுத்து விளக்கம் கேட்காமல் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்பது 1994-ன் பகவான் சுக்லா தீர்ப்பு.

வாய்மொழியாகச் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். தணிக்கைக் குறிப்பின் நகலையும் கணக்குத் தாளையும் எழுத்தில் கேளுங்கள். 'பிடித்தத்துக்குச் சம்மதம்' என்ற தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். விளக்கக் கடிதத்தில் ரஃபீக் மாஸி தீர்ப்பைக் குறிப்பிட்டு, எந்த வகையில் வருகிறீர்கள் என்று எழுதுங்கள். அப்படியும் பிடித்தால், மாநில அரசு ஊழியர் சென்னை உயர் நீதிமன்றத்திலோ அதன் மதுரைக் கிளையிலோ ரிட் மனு போடலாம். மத்திய அரசு ஊழியர் என்றால் முதலில் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயம்தான்.