டிஎம்இசட்: ரூட்டர்ல இருக்கிற இந்தப் பேருக்கு என்ன அர்த்தம்?

வீட்டு ரூட்டர் செட்டிங்ஸ்ல ஃபயர்வால் (வெளியேருந்து வர்றதை வடிகட்டுற தடுப்பு), போர்ட் ஃபார்வர்டிங் (ஒரு போர்ட்டுக்கு, அதாவது நம்பர் போட்ட ஒரு வாசலுக்கு, வர்றதை உள்ள இருக்கிற ஒரு கருவிக்கு அனுப்புறது) இருக்கிற இடத்துலயே டிஎம்இசட்னு (DMZ) ஒண்ணு இருக்கும். ஒரு டிக் பாக்ஸ், கீழ ஐபி அட்ரஸ் அடிக்க ஒரு கட்டம், அவ்ளோதான். ஃபயர்வால் பக்கத்துல இருக்கறதால ஆன் பண்ணா பாதுகாப்பு கூடும்னு நிறைய பேர் நம்புறாங்க, ஆனா நடக்கிறது நேர் எதிர்.

பேர் ராணுவத்துல இருந்து வந்தது. டிமிலிட்டரைஸ்டு ஸோன், ரெண்டு தரப்பும் படை நிறுத்தக் கூடாத நிலம். எல்லாருக்கும் தெரிஞ்சது கொரியாவுல இருக்கிறது, 1953 போர்நிறுத்த ஒப்பந்தப்படி ரெண்டு படையும் ஆளுக்கு 2 கிலோமீட்டர் பின்னால போக, நடுவுல 4 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை.

நெட்வொர்க்காரங்க அந்த 'நடுவுல'ங்கிறதைத்தான் எடுத்துக்கிட்டாங்க. ஆபீஸ்ல வெப் சர்வர், மெயில் சர்வர் மாதிரி வெளியாளுங்க தொட வேண்டியதைத் தனி நெட்வொர்க்ல வைப்பாங்க, இன்டர்நெட்டுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு தடுப்பு, அதுக்கும் உள் நெட்வொர்க்குக்கும் நடுவுல இன்னொரு தடுப்பு, சர்வரை எவனாவது உடைச்சாலும் அந்த ரெண்டாவது தடுப்பைத் தாண்டணும்.

வீட்டு ரூட்டர்ல அந்த நடுப்பகுதியே கிடையாது. கட்டத்துல 192.168.1.50ன்னு சிசிடிவி டிவிஆரோட (கேமரா படத்தைப் பதிவு பண்ற பெட்டி) அட்ரஸைப் போட்டா, வெளியேருந்து தானா வர்ற கனெக்‌ஷன் எந்த போர்ட்டுக்கு வந்தாலும், அதுக்குன்னு வேற ரூல் இல்லைன்னா நேரா டிவிஆருக்குப் போயிடும். அந்த டிவிஆரோ உங்க லேப்டாப் இருக்கிற அதே நெட்வொர்க்லதான் இன்னும் இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல ஓடுற டேட்டா பாக்கெட் ரூட்டரோட ஃபயர்வால் பக்கமே போகாது. 2016ல மிராய் வைரஸ் பரவினது இப்படி வெளியே தெரியுற கேமரா, டிவிஆர்லதான், ஃபேக்டரி பாஸ்வேர்டை மாத்தாம டெல்நெட் (தூரத்துல இருந்தே கருவிக்குள்ள நுழைஞ்சு கட்டளை குடுக்கிற பழைய வழி) திறந்து கிடந்ததுங்களை வரிசையா புடிச்சுது. டெல்நெட்டோட 23ஆம் போர்ட்டைத் தனியா யாரும் திறக்க வேண்டாம், இந்த ஒரு டிக் போதும்.

தமிழ்ல என்ன சொல்லலாம்? கொரியா செய்திக்கு 'ராணுவமற்ற மண்டலம்' பொருந்துது, நெட்வொர்க்குக்கு எடுத்துட்டு வந்தா ஒண்ணும் புரியாது. ஆபீஸ்ல இருக்கிற நிஜ அமைப்புக்கு 'இடைவலயம்'னு வைக்கலாம்னு நினைக்கிறேன். வீட்டு ரூட்டர்ல இருக்கிறதுக்கு அதுவும் தப்பு. ஜெர்மனியோட ஃப்ரிட்ஸ்பாக்ஸ் ரூட்டர்ல இதையே எக்ஸ்போஸ்டு ஹோஸ்ட்னு போட்டிருப்பாங்க, அதுதான் நேர்மையான பேர், தமிழ்ல 'திறந்துவிட்ட கணினி'. டிக் பாக்ஸ் பக்கத்துல அப்படி எழுதியிருந்தா கேம் கனெக்ட் ஆகலைன்னு யாரும் இதைத் தொட மாட்டாங்க, கேமுக்கு வேண்டிய போர்ட்டை மட்டும் ஃபார்வர்ட் பண்ணிட்டுப் போயிடுவாங்க.