பரிணாமம், கூர்ப்பு, படிமலர்ச்சி: எவல்யூஷனுக்கு எந்தச் சொல்?

எவல்யூஷன் என்பதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பரிணாமம் என்கின்றன. இலங்கைத் தமிழில் அது கூர்ப்பு. தனித்தமிழில் எழுதுபவர்கள் படிமலர்ச்சி என்பார்கள். ஆனால் பேச்சில் அதிகம் அடிபடுவது ‘பரிணாம வளர்ச்சி’தான். அந்த ‘வளர்ச்சி’யை விட்டுவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஓர் உயிரினக் கூட்டத்தில் மரபுவழி வரும் பண்புகள் தலைமுறை தலைமுறையாக மாறிவருவதே எவல்யூஷன். ஒரு தனி விலங்கு தன் வாழ்நாளில் அடையும் மாற்றம் இதில் சேராது.

மூலச்சொல் லத்தீனிலிருந்து வந்தது. சுருட்டி வைத்த ஏட்டை விரிப்பது என்பது அதன் பொருள். கரு வளர்வதை ஆராய்ந்த 18ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் சிலர், கருவுக்குள் முழு உடலும் சிற்றுருவாக முன்பே அடங்கியிருந்து பிறகு விரிகிறது என்று நம்பினார்கள். அந்த விரிதலுக்கு இந்தச் சொல்லை வைத்தார்கள். முன்பே எழுதி வைத்தது விரிகிறது என்பது டார்வின் சொன்னதற்கு நேர் எதிர். 1859இல் வந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ முதல் பதிப்பில் எவல்யூஷன் என்ற பெயர்ச்சொல்லே கிடையாது. அதன் வினைவடிவம் மட்டும் நூலின் கடைசிச் சொல்லாக நிற்கிறது. மாற்றங்களோடு வழிவழி வருதல் என்றுதான் அவர் எழுதினார். 1872இல் வந்த ஆறாம் பதிப்பில்தான் அந்தப் பெயர்ச்சொல் நுழைந்தது.

சரி, ‘வளர்ச்சி’யில் என்ன பிழை? பசிபிக் பெருங்கடலிலுள்ள கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்றொரு குட்டித் தீவு. உயிரியலாளர்களான பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இணையர் அங்கே பல பத்தாண்டுகள் தரைக்குருவிகளின் அலகை அளந்தார்கள். 1977இல் கடும் வறட்சி வந்தது. மென்மையான சிறு விதைகள் தீர்ந்துபோய், கெட்டியான பெரிய விதைகளே மிஞ்சின. அவற்றை உடைக்க முடிந்த பருத்த அலகுக் குருவிகள் அதிகம் பிழைத்தன; அடுத்த தலைமுறையின் சராசரி அலகும் பருத்தது. அப்புறம் 1983இல் எல் நினோ என்ற கடல் வெப்பமாற்றம் கொட்டிய மழையில் சிறு விதைகள் பெருகின. இப்போது சிறிய அலகுக்காரர்கள் கை ஓங்கியது. இதில் எதை வளர்ச்சி என்பது? தீவின் மழையும் செடியும் விதையும் மாற, எது பொருந்தும் என்பதும் மாறியது, அவ்வளவுதான். மெக்சிகோவின் இருட்டுக் குகைகளில் வாழும் ஒருவகை மீன்கள் கண்ணையே இழந்துவிட்டன. அதுவும் எவல்யூஷன்தான்.

பரிணாமம் வடசொல். உருமாற்றம் என்று பொருள். பால் தயிராவதைப் போலக் காரணமே காரியமாக மாறுவதைச் சாங்கியம் என்ற பழைய இந்தியத் தத்துவம் இப்படி அழைத்தது. ஒரே பொருள் உருமாறும் சாயல் இருந்தாலும், மேல்நோக்கி ஏறுவது என்ற பொருள் அதில் இல்லை. படிமலர்ச்சி அழகான ஆக்கம். ஆனால் படியும் மலர்ச்சியும் சேர்ந்து, எல்லா உயிரும் ஏதோ உச்சியை நோக்கிப் போவதாக நினைக்க வைக்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்தது கூர்ப்பு. “கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்” என்பது தொல்காப்பியத்தில் சொற்பொருள் சொல்லும் உரியியல் பகுதியின் நூற்பா. இங்கே கூர்ப்பு என்றால் கூர்மை அல்ல. முன்பே உள்ள ஒன்று மிகுதல். சூழலுக்குப் பொருந்தியவை அதிகம் பிழைத்துப் பெருகும் இயற்கைத் தேர்வு செய்வதும் அதுதானே! வறட்சி பருத்த அலகைப் புதிதாகப் படைக்கவில்லை. கூட்டத்தில் ஏற்கெனவே இருந்ததை மிகுவித்தது. புதிய வேறுபாடுகள் மரபணுப் பிறழ்வால், அதாவது மரபணுவில் நேரும் மாற்றத்தால், வருகின்றன. அந்தப் பாதியை இந்தச் சொல் தொடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இன்றைய காதுக்குக் ‘கூர்’ என்றதும் கத்திமுனை நினைவுக்கு வருவதும் ஒரு தடை.

ஆகவே பொது எழுத்தில் பரிணாமம் என்றே எழுதலாம்; வினையாக வரும்போது பரிணமித்தது. கூர்ப்பு பழகிய வாசகருக்குக் கூர்ப்பு, கூர்ப்படைந்தது.