சுவரில் கல்லாகும் சுண்ணாம்பு

சுண்ணாம்பு அடித்த சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு "காய்ந்துவிட்டது" என்போம். ஈரம் போனதுபோல் தெரிந்த பிறகும் அங்கே வேலை முடிவதில்லை. சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல உறிஞ்சி, மறுபடி கல்லாகிக்கொண்டிருக்கும். தனிமம், சேர்மம், வேதிவினை என்று பாடத்தில் தனித்தனியாக வருகிற எல்லாவற்றையும் இந்த ஒரு பொருளை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

சுண்ணாம்புக்கல்லிலிருந்து தொடங்குவோம். அரியலூர்ப் பக்கம் சிமென்ட் ஆலைகளுக்காக வெட்டியெடுக்கும் கல், கடற்கரைக் கிளிஞ்சல், கோழிமுட்டை ஓடு, சலவைக்கல் எல்லாமே பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்தான். (கரும்பலகையில் எழுதும் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சத்தில் செய்வது; அது வேறு சேர்மம்.) கால்சியம் வெள்ளிபோல் மின்னும் உலோகம், தண்ணீரில் போட்டால் ஹைட்ரஜன் குமிழ்கள் கிளம்பும். கார்பன் என்றால் கரி. ஆக்சிஜன் நாம் சுவாசிக்கும் வாயு. இந்த மூன்று தனிமங்களும் இணைந்தால் இவற்றில் எதன் சாயலும் இல்லாத வெள்ளைக் கல் கிடைக்கிறது. எங்கிருந்து எடுத்தாலும், தூய்மையான 100 கிராமில் 40 கிராம் கால்சியம், 12 கிராம் கார்பன், 48 கிராம் ஆக்சிஜன். இந்த விகிதம் மாறாது என்பதால்தான் அது சேர்மம். சுண்ணாம்பையும் மணலையும் குழைத்த சாந்தில் மணல் ஒரு கை கூடலாம், குறையலாம்; அது கலவை.

இந்தக் கல்லைச் சூளையில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால், 100 கிலோவில் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாக வெளியேறிவிடும். மிச்சமுள்ள 56 கிலோதான் கால்சியம் ஆக்சைடு, அதாவது சுட்ட சுண்ணாம்பு. பார்வைக்குக் கல் அப்படியே இருக்கும். தூக்கினால்தான் எடை குறைந்தது தெரியும். ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் படித்த ஜோசப் பிளாக் என்ற வேதியியலாளர் 1750களில் இப்படித் தராசில் நிறுத்துப் பார்த்துத்தான், கல்லுக்குள் ஒரு வாயு அடைபட்டிருக்கிறது என்று காட்டினார். சிமென்ட் ஆலைகளிலும் இதே வினைதான் நடக்கிறது. அங்கே உருவாகும் கார்பன் டை ஆக்சைடில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை, கல்லிலிருந்தே வருகிறது. வேறு எரிபொருளுக்கு மாறினாலும் இந்தப் பங்கு குறையாது என்பதை நாம் கவலையோடு கவனிக்க வேண்டும்.

அடுத்தது நீற்றுதல். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. சுட்ட கட்டியின் மேல் தண்ணீர் ஊற்றினால் முதலில் ஒன்றும் நடக்காது, தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். அப்புறம் கட்டியில் கோடு கோடாக வெடிப்பு விழும், உஸ்ஸென்ற சத்தத்தோடு ஆவி கிளம்பும். கட்டி உப்பிப் பிளந்து, மாவு மாதிரி உதிரும். அடுப்பே இல்லாமல் தண்ணீர் கொதிக்கும். வெப்ப உமிழ் வினை என்பது இதுதான். 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு 18 கிராம் தண்ணீரோடு சேர்ந்து 74 கிராம் கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகிறது. இது வலுவான காரம், அதாவது அமிலத்துக்கு எதிர்க்குணம் கொண்ட பொருள். மஞ்சளோடு குழைத்தால் ஆரத்தித் தட்டில் பார்க்கும் சிவப்பு வருவதும் இந்தக் காரத்தன்மையால்தான். கண்ணில் பட்டால் கருவிழியையே வேகவைத்துவிடும். பட்டவுடன் நிறையத் தண்ணீர் விட்டுத் தொடர்ந்து கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் சுண்ணாம்புப் பொட்டலத்தை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

நீற்றிய சுண்ணாம்பைச் சுவரில் பூசினால், அந்த 74 கிராம் காற்றிலிருந்து 44 கிராம் கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு, 18 கிராம் தண்ணீரை விட்டுவிடும். கணக்குப் போட்டால் பழைய 100 கிராம் கல் திரும்பிவிட்டது. நீற்றிய சுண்ணாம்பைப் பூசாமல் குழியில் தண்ணீருக்கு அடியில் மூடி வைத்தால் காற்றுப் படாது. அதனால் எத்தனை மாதமானாலும் வெண்ணெய்போல் குழைவாகவே இருக்கும். பழைய தடித்த சுவர்களில் வெளிப்புறம் முதலில் இறுகி, உட்புறம் இறுகப் பல ஆண்டுகள் ஆகும். சிமென்ட்டின் கதை வேறு; அது தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுவதால் தண்ணீருக்கு அடியிலும் கெட்டியாகும்.

இதே வினையைக் கண்ணாடி டம்ளரில் பார்க்கலாம். நீற்றிய சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் பெரியவர் ஒருவர் துணையோடு எடுத்து, உறிஞ்சுகுழலால் மெதுவாக ஊதுங்கள். தப்பித்தவறியும் உறிஞ்சக் கூடாது. மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டதும் நீர் பால்போல் வெளுக்கும். அந்த வெண்மை, கரையாத கால்சியம் கார்பனேட். விடாமல் ஊதிக்கொண்டே இருந்தால் கலங்கல் மெல்லத் தெளியும், ஏனென்றால் கூடுதல் வாயுவால் அது நீரில் கரையும் கால்சியம் பைகார்பனேட்டாக மாறுகிறது. தெளிந்ததைக் கொதிக்கவைத்தால் அந்த வாயு வெளியேறி, மறுபடி வெள்ளைப் படிவு வரும். போர்வெல் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்திலும் கீசரிலும் ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொருக்கில் பெரும்பகுதி இதுதான். அதன்மேல் எலுமிச்சைச் சாறு விட்டால், நுரைத்துக்கொண்டு கரையும்.