மாற்று இதயம் வைத்தவர் நடக்கலாமா?

இதய மாற்று அறுவை முடிந்து மூன்று மாதமான ஒருவர், எங்கள் பயிற்சி அறைக்கு வந்து விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு, அப்படியே வீட்டுக்குக் கிளம்பப் பார்த்தார். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே துடிப்பு 102. “இப்பவே இப்படின்னா, நடந்தா என்ன ஆகும் மேடம்?”

பிசியோதெரபிஸ்ட்டான நான் அவருக்கு ஹார்ட்விக் கௌடரைப் பற்றிச் சொன்னேன். கிழக்கு ஜெர்மனிக்காக 50 கி.மீ. வேகநடையில் 1980 மாஸ்கோ ஒலிம்பிக் தங்கம், 1987இல் ரோமில் உலகப் பட்டம், 1988 சியோலில் வெண்கலம் வாங்கியவர். வேகநடை என்றால் ஓடக் கூடாது, ஒரு பாதமாவது தரையில் இருந்தே ஆக வேண்டும், முன்வைக்கும் கால் மடங்கவும் கூடாது. மாஸ்கோவில் அப்படியே 3 மணி 49 நிமிடம் நடந்தார். ஓய்வுபெற்ற பிறகு வைரஸ் தொற்று அந்த இதயத்தைக் கெடுத்துவிட்டது. கொஞ்ச காலம் செயற்கை இதயத்தோடு இருந்தார், 1997 ஜனவரியில் மாற்று இதயம் கிடைத்தது. அடுத்த ஆண்டே நியூயார்க் மாரத்தானை நடந்து முடித்தார்!

சரி, அந்த 102 எதனால்? மாற்று அறுவையில் ரத்தக்குழாய்களை இணைக்க முடியும், நரம்புகளை இணைக்க முடியாது. துடிப்பை அடக்கிவைக்கும் நரம்பின் பிடி விட்டுப்போவதால் ஓய்விலும் 90, 100, 110 என்று ஓடும். நடக்க ஆரம்பித்தால் உடனே ஏறாது. அட்ரினலின் என்ற ஹார்மோன் ரத்தத்தில் கலந்து வந்து சேர்ந்த பிறகுதான் ஏறும், நின்ற பிறகும் மெதுவாகத்தான் இறங்கும். அதனால்தான் முதல் பத்து நிமிடம் மெதுநடை, கடைசிப் பத்து நிமிடமும் மெதுநடை என்று நச்சரிக்கிறேன்.

இன்னொன்று, இதைத் தயவுசெய்து வீட்டில் உள்ளவர்களும் கேளுங்கள். நரம்பு இணைப்பு இல்லாததால் இதய ரத்தக்குழாயில் அடைப்பு வந்தாலும் நெஞ்சு வலிக்காமலே போகலாம். புதிதாக மூச்சு வாங்கினால், காரணமில்லாமல் சோர்ந்துபோனால், கால் வீங்கினால், காய்ச்சல் வந்தால், அன்று நடையை விட்டுவிட்டு உங்கள் மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள். கௌடர் வாழ்நாள் வீரர், அவர் தூரம் உங்களுக்கு இலக்கு இல்லை. உங்கள் தூரத்தை உங்கள் குழு சொல்லும்.

அன்று அவர் வராந்தாவில் ஆறு சுற்று நடந்தார். உட்கார்ந்து ஐந்து நிமிடமாகியும் துடிப்பு 118இலேயே நின்றது. இந்த முறை எழுந்து போகவில்லை, அது இறங்கும்வரை விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.