முதுகில் கச்சான், முன்னால் ரேடியேட்டர்

ஆனி, ஆடியில் மண்டபத்திலிருந்து பாம்பன் ரோட்டுப் பாலத்தில் ஏறியவர்களுக்குத் தெரியும், கச்சான் காற்று வீசினால் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். அப்படி ஒரு நாளில், பாலத்தின் நடுவில், என் மச்சானின் பழைய டீசல் ஜீப் கொதித்தது. இரண்டு பக்கமும் கடல், ஆளைத் தள்ளும் காற்று, பானட்டுக்கு அடியில் ஆவி. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மண்டபத்தில் மெக்கானிக்கிடம் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "காத்து எந்தப் பக்கம் இருந்துண்ணே அடிச்சுச்சு?"

முதுகுப் பக்கம். அதுதான் விஷயம். கச்சான் மேற்கிலிருந்து வருவது. நாங்கள் கிழக்கே போய்க்கொண்டிருந்தோம். கடலை வேடிக்கை பார்ப்பதற்காக ஓரம் கட்டிய வண்டிகளால் வரிசை மெல்ல நகர்ந்தது, எங்கள் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் இருக்கும். பின்னாலிருந்து வந்த காற்றும் ஏறக்குறைய அதே வேகம். இரண்டும் ஒரே திசையில் ஒரே வேகத்தில் போனால், ரேடியேட்டருக்கு முன்னால் காற்று அசையாமல் நிற்கிறது என்றுதான் பொருள். வெளியே புயல் மாதிரி இருக்கிறது, ரேடியேட்டருக்கோ மூடிய அறைக்குள் இருப்பது மாதிரி.

எஞ்சினில் எரியும் டீசலின் சக்தியில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாக வெளியேறுகிறது. மிச்சத்தில் பெரும்பகுதியைத் தண்ணீர் சுமந்துவந்து ரேடியேட்டரில் இறக்குகிறது. அதை வாங்கிக்கொள்ள வேண்டியது காற்று. ஆனால் காற்று மெலிந்த கூலியாள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி குளிர வேண்டுமானால், சுமார் 3,500 லிட்டர் காற்று ஒரு டிகிரி சூடாக வேண்டும். அதனால்தான் வெயிலைவிடக் காற்றின் அளவு முக்கியமாகிறது. ரேடியேட்டர் 95 டிகிரி, வெளியே 35 டிகிரி என்றால் வித்தியாசம் 60. வெளியே 40 ஆனாலும் வித்தியாசம் 55, பத்தில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. காற்றோட்டம் பாதியானால்தான் ஆபத்து.

பழைய ஜீப்பில் ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்தது பெல்ட்டில் சுற்றும் ஃபேன். எஞ்சின் என்ன வேகமோ, அதை ஒட்டித்தான் அதுவும் சுற்றும். வண்டி நிற்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று, ஃபேனும் சோம்பலாகச் சுற்றும். நெடுஞ்சாலையில் 3,200 சுற்றில் போகும்போது வண்டியின் வேகமே வேண்டிய காற்றைக் கொடுத்துவிடும், ஆனால் ஃபேன் அங்கேதான் வெறிகொண்டு சுற்றும். பசித்தவனுக்குக் கஞ்சி, ஏப்பம் விடுபவனுக்கு விருந்து. அந்த விருந்துக்கு விலையும் உண்டு: ஃபேனின் வேகம் நான்கு மடங்கானால் அது எஞ்சினிடம் பிடுங்கும் சக்தி 64 மடங்காகும்.

அதற்காக பெல்ட் ஃபேனை முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வருவதற்கு முன், முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மணலில் ஆள் ஏற்றிப்போன வண்டிகளை நினைத்துப் பாருங்கள். வேகம் நடைவேகம்தான், ஆனால் கீழ் கியரில் எஞ்சின் அலறும், கூடவே ஃபேனும் அலறும். அந்த வேலைக்கு அது சரியான சாமான். சுமை இழுக்கும் பெரிய எஞ்சினில் ஒரு சின்ன மின்சார ஃபேனை மாட்டி ஏமாறுவதைவிட, பழையதை விட்டுவைப்பது நல்லது என்பது என் கட்சி.

மச்சானின் ஜீப் இப்போது தார் ரோட்டில்தான் ஓடுகிறது. அதனால் மின்சார ஃபேன் போடுவது என்று முடிவானது. அதற்கு முன் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டையும் மாற்றினார் மெக்கானிக். தண்ணீர் ஓட்டம் அடைத்திருந்தால் எந்த ஃபேனும் காப்பாற்றாது.

ஃபேனை ரேடியேட்டருக்குப் பின்னால், காற்றை இழுக்கும்படி வைப்பதே நல்லது. முன்னால் வைத்துத் தள்ளவிட்டால், அது ஓடாத நேரத்தில் வருகிற காற்றுக்கும் குறுக்கே நிற்கும். அடுத்தது ஃபேனைச் சுற்றிய உறை, பட்டறையில் ஃபேன் கவர் என்பார்கள். பலர் இதை அழகுக்கு என்று நினைத்துத் தூக்கிப் போடுகிறார்கள். எங்கள் ரேடியேட்டரின் முகம் 45க்கு 35 சென்டிமீட்டர், ஃபேன் 12 அங்குலம். கணக்குப் போட்டால் ஃபேன் மூடுவது ரேடியேட்டரில் பாதியைவிடக் குறைவு. உறை இல்லாவிட்டால் அந்தப் பாதி வழியாக மட்டும் காற்று வரும், மீதி சும்மா கிடக்கும். தகரத்தில் உறை செய்து ஓரங்களில் ரப்பர் வைத்தால் முழு முகமும் மூச்சு இழுக்கும். ரேடியேட்டர் தகடுகளுக்குள் கேபிள் டை குத்தி ஃபேனைக் கட்டும் வழக்கமும் உண்டு. செய்யாதீர்கள், அதிர்வில் அது குழாயைத் தேய்த்து ஓட்டை போடும்.

ஃபேனை எப்போது ஓட்டுவது என்று சொல்ல ஒரு வெப்ப சுவிட்ச் வேண்டும். எங்களுடைய தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கும். சுவிட்ச் 92இல் ஃபேனைப் போட்டு 87இல் அணைக்கும். தெர்மோஸ்டாட் திறக்கும் வெப்பத்துக்குக் கீழே வேலை செய்யும் சுவிட்சை வாங்கினால் ஃபேன் ஓயவே ஓயாது. அந்த 5 டிகிரி இடைவெளியும் வேண்டும், இல்லையென்றால் ஒரே புள்ளியில் போட்டு அணைத்து, போட்டு அணைத்து ரிலே தீய்ந்துவிடும்.

ரிலே எதற்கு? எங்கள் ஃபேன் 20 ஆம்பியர் இழுக்கும், கிளம்பும் நொடியில் அதைப்போலப் பல மடங்கு. வெப்ப சுவிட்ச் அதைத் தாங்காது. அதனால் சுவிட்ச், ரிலேயின் சுருளுக்கு மட்டும் கால் ஆம்பியருக்கும் குறைவாகக் கொடுக்கிறது, பெரிய மின்சாரத்தை ரிலே கையாள்கிறது. ரிலேயின் அடியில் 30, 87, 85, 86 என்று எண்கள் இருக்கும். பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக 30க்கு, 87இலிருந்து ஃபேனுக்கு, மற்ற இரண்டும் சுருளுக்கு. பியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வண்டிகளில் அது 35 ஆம்பியர் அளவில்தான் இருக்கும், ஐடிலிங்கில் இன்னும் குறைவு. ஃபேனுக்கு 20, ஹெட்லைட்டுக்கு 10, அப்புறம் வைப்பர், ஹாரன் என்றால் மழை இரவில் பேட்டரி காலியாகும்.

மாட்டி முடித்த அன்று வேடிக்கை நடந்தது. வண்டி நின்றால் வெப்பம் காட்டும் முள் சமாளிக்கிறது, 40இல் ஓடினால் ஏறுகிறது. வழக்கத்துக்கு நேர் எதிர். மெக்கானிக் கிரில் முன்னால் ஒரு பேப்பரைப் பிடித்தார். ஒட்ட வேண்டிய பேப்பர் பறந்தது. பிளஸ், மைனஸ் மாறி ஃபேன் எதிர்த்திசையில் சுற்றி, வருகிற காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது.

ஒயரை மாற்றியதும் சரியானது. மூன்று மாதம் கழித்து ஃபேன் தளர்ந்தது. மோட்டார் போய்விட்டது என்று ஒருவர் புதிது வாங்கச் சொன்னார். போனது எர்த். ஃபேனின் மைனஸ் ஒயரைப் பக்கத்தில் இருந்த பாடி போல்ட்டில் முடுக்கியிருந்தோம். நம்ம கரையில் அது தற்கொலை. உப்புத் துகள், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் ஈரத்தை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடலுப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அந்த அளவுகூட வேண்டாம். ஆக, போல்ட்டின் மேல் உப்புநீர்ப் படலம் எப்போதும் உண்டு. ஒயர் முனையில் இருக்கும் செம்பு லக்கும் இரும்பு பாடியும் அந்த நீரில் சேர்ந்தால் அதுவே ஒரு குட்டி பேட்டரி, தின்னப்படுவது இரும்பு. துரு ஏறிய இணைப்பில் வெறும் 0.1 ஓம் தடை வந்தாலே, 20 ஆம்பியரில் 2 வோல்ட் அங்கேயே தொலைகிறது, 40 வாட் சூடாக மாறுகிறது. மோட்டார் மெதுவாகும், இணைப்பின் பிளாஸ்டிக் உருகும். மல்டிமீட்டரின் ஒரு முனையை ஃபேனின் மைனஸிலும் இன்னொன்றை பேட்டரி மைனஸிலும் வைத்து, ஃபேன் ஓடும்போது பார்த்தால் திருடன் அகப்பட்டுவிடுவான். எங்களுக்கு 1.8 காட்டியது.

இப்போது எர்த் ஒயர் நேராக பேட்டரிக்கே போகிறது. படகுகளில் போடுவது போன்ற வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர், முனைகளில் கிரீஸ். மாதம் ஒருமுறை ரேடியேட்டரின் உப்பை எஞ்சின் பக்கத்திலிருந்து நல்ல தண்ணீர் விட்டு மெல்லக் கழுவுகிறார் மச்சான். ஃபேன் ஓடுவது தெரிய டாஷ்போர்டில் சின்ன பச்சை லைட் ஒன்றும் வைத்திருக்கிறார்.

போன வாரம் மறுபடி அதே பாலம், அதே கச்சான், அதே நெரிசல். பாதிப் பாலத்தில் பச்சை லைட் எரிந்தது, பாம்பன் இறங்கும்வரை அணையவில்லை. சாயங்காலம் திரும்பும்போது காற்று முகத்தில். மண்டபம் வந்து சேரும்வரை அது எரியவே இல்லை.