கொழுக்கட்டை மாவும் குழந்தையின் விரலும்

ஆடிப்பிறப்பு விடியுமுன்னே யாழ்ப்பாணத்து வீடுகளில் அரிசிமா வறுத்த மணம் நிறைந்துவிடும். எங்கள் வீட்டில் மா குழைக்கிற சட்டியைத் தேடி முதலில் வருவது ஒன்றரை வயதுப் பேத்திதான். துரத்தாமல், எலுமிச்சம்பழ அளவு மாவைக் கையில் கொடுத்தோம். அமத்தினாள், பிய்த்தாள், திரும்ப உருட்டினாள். ஒரு நொடி சும்மா பிடித்திருக்கவில்லை.

அதற்குக் காரணம் தோலுக்குள் இருக்கிறது. விரல் நுனியில் மேற்பரப்புக்குக் கிட்ட இருக்கும் மெய்ஸ்னர் உணரிகள், தொடுகை மாறும்போதுதான் செய்தி அனுப்பும். மாவை அசையாமல் பிடித்திருந்தால் அவை அடங்கிவிடும். மேர்க்கெல் உணரிகள் அப்படியல்ல. அழுத்தம் இருக்கும்வரை விளிம்பையும் மேடுபள்ளத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கும். சரி, அழுத்தம் எப்படி நரம்புச் செய்தியாகிறது? நரம்பு முனையின் சவ்வில் பியசோ2 என்றொரு புரதம் கதவுபோல நிற்கிறது. சவ்வு இழுபட்டால் கதவு திறக்கும். மின்னேற்றம் கொண்ட அயன்கள் உள்ளே பாயும். மின்குறி மூளைக்கு ஓடும். இதைக் கண்டறிந்த ஆர்டெம் பட்டபூட்டியனுக்கு, சூட்டை உணரும் புரதத்தைக் கண்ட டேவிட் ஜூலியஸோடு சேர்த்து 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.

அரிசிமாவைப் பச்சைத் தண்ணீரில் குழைத்தால் உதிரும். கோதுமை மாவை ஒட்டிப் பிடிக்கும் குளூட்டன் என்ற புரதம் அதில் இல்லை. கொதிநீர் விட்டால் மாப்பொருள் மணிகள் நீரை உறிஞ்சி வீங்கிப் பசையாகின்றன. ஆற ஆற மா இறுகும். அதனால் பத்து நிமிடம் கழித்து அதே உருண்டை பிள்ளைக்குப் புதுப் பொருள். பக்கத்தில் சுளகில் கொஞ்சம் வறுத்த மா, கொஞ்சம் தேங்காய்ப்பூ வையுங்கள். பொடி, ஈரம், பிசுபிசுப்பு எல்லாம் கைக்குக் கிடைக்கும்.

வாயிலும் வைப்பாள். மூளையின் தொடுகை வரைபடத்தில் கைக்கும் உதட்டுக்கும் பெரிய இடம் உண்டு; வாயும் அவளுக்கு ஒரு கைதான். ஆனால் கட்டியாக விழுங்க விடாதீர்கள், பக்கத்திலேயே இருங்கள். பயறும் தேங்காய்ச் சொட்டும் மூச்சுக்குழாயை அடைக்கக் கூடியவை, எட்டாத இடத்தில் வையுங்கள். அழகாக இருக்கிறதென்று குன்றிமணியைக் கொடுக்கவே வேண்டாம். அதன் உள்ளே இருக்கும் ஏப்ரின் கொடிய நஞ்சு. மாவின் சூட்டை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். அடுப்படியில் பழகிய உள்ளங்கை சூட்டைக் குறைத்துச் சொல்லும்.

உருவம் வரவேண்டுமென்று அவசரப்படுத்தாதீர்கள். எங்களுடையவள் கடைசியில் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் ஓரத்தை ஒரே ஒரு இடத்தில் நுள்ளினாள். நகம் பதிந்த அந்தக் கோணல் கொழுக்கட்டையையும் மற்றவற்றோடு அவித்தோம்.